வென்றவர் வகுத்த எல்லை: யசுஹிரோ யமாஷிடாவின் ஜூடோ வாழ்க்கை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



விளையாட்டையும் சமூகத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் விதி. யாரைப் பற்றிப் பேசுவது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். கிரிக்கெட்டையோ கபடியையோ எடுத்திருந்தால் அரங்கில் பாதிப் பேர் எழுந்து என்னைத் திருத்தியிருப்பீர்கள். அதனால் கொஞ்சம் தூரம் போய், ஜப்பானின் ஜூடோ வீரர் யசுஹிரோ யமாஷிடாவை எடுத்துக்கொண்டேன். 1977-க்கும் 1985-க்கும் இடையில் தொடர்ந்து 203 வெற்றிகள் பெற்றவர். நடுவில் ஏழு ஆட்டங்கள் சமனில் முடிந்தன. தோல்வி என்று ஒன்றுகூட இல்லை. 28 வயதில் களத்தை விட்டார். அதன் பிறகு பயிற்சியாளராக, சங்கத் தலைவராக, தம் நாட்டின் ஒலிம்பிக் குழுத் தலைவராக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பொது வாழ்வில் இருந்தார்.

ஜூடோவைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். தடித்த பருத்திச் சட்டை அணிந்த இருவர் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு மோதுவார்கள். எதிராளியை முதுகு தரையில் படும்படி வேகமாகவும் முழுமையாகவும் வீழ்த்திவிட்டால் அது 'இப்பான்'. ஆட்டம் அங்கேயே முடிந்தது. மல்லாந்து கிடப்பவரை எழவிடாமல் குறித்த நேரம் அழுத்திப் பிடித்தாலும் இப்பான்தான். யமாஷிடா காலத்தில் அந்த நேரம் 30 வினாடி. கையை மடக்கியோ கழுத்தை நெருக்கியோ எதிராளியைப் பணிய வைத்தும் வெல்லலாம். 1882-இல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது, இதைச் சண்டையாகக் கருதவில்லை. கல்வி முறையாகவே வடிவமைத்தார். அவர் தொழிலால் ஆசிரியர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கேதான் வந்து சேரப்போகிறோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெற்றி தந்த செல்வாக்கை, வெற்றி வெறிக்கு ஓர் எல்லை வகுப்பதற்காக யமாஷிடா செலவழித்தார். அவருடைய 203 வெற்றிகளைவிட அதுவே பெரிய செயல் என்பது என் முடிவு. இதை ஐந்து கூறுகளாக விளக்குகிறேன்.

1. வெற்றியை உருவாக்கிய கைகள் பல

யமாஷிடா 1957 ஜூன் 1 அன்று, கியூஷூ தீவின் குமாமோட்டோ மாகாணத்தில் பிறந்தார். வயதுக்கு மீறிய உடம்பு; அடங்காத குறும்பு. இந்தப் பையனை எங்கேயாவது முறைப்படுத்த வேண்டுமே என்றுதான் தொடக்கப்பள்ளி நாளிலேயே வீட்டார் ஜூடோ பழக அனுப்பினார்கள். பின்னர் குமாமோட்டோவிலிருந்து டோக்காய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சகாமி பள்ளிக்கு மாறி, அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தார். அங்கே அவருக்குப் பயிற்சி அளித்த நோபுயுகி சாடோ, தாமே இருமுறை உலகப் பட்டம் வென்றவர், தரைப்பிடியில் கைதேர்ந்தவர். யமாஷிடாவின் ஆட்டத்தில் இரண்டு பலம் தெரியும். நின்ற நிலையில் எதிராளியின் காலை வெளிப்பக்கமாக வாரி வீழ்த்தும் ஓசோடோ காரி ஒன்று. வீழ்ந்தவரை விடாமல் அழுத்தும் தரைப்பிடி மற்றொன்று. இரண்டாவது சாடோ தந்த சொத்து. வீச்சில் தப்பியவர்கூடத் தரையில் தப்ப முடியாமல் போனது அதனால்தான்.

பல்கலைக்கழகத்தின் பங்கையும் மறக்கக் கூடாது. டோக்காயை நிறுவிய ஷிகேயோஷி மாட்சுமாயேவும் குமாமோட்டோக்காரர். 1979-இல் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பின் தலைவரானவர். ஊர், பள்ளி, பல்கலைக்கழகம், சங்கம் என்று ஒன்றையொன்று தாங்கிய அமைப்பு அது. அந்த அமைப்பில் வளர்ந்த பையன் 1977-இல், 19 வயதில், அகில ஜப்பான் பட்டத்தை வென்றான். அந்தப் போட்டிக்கு எடைப் பிரிவு கிடையாது. யார் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காமல் எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 29 அன்று டோக்கியோவின் நிப்பொன் பூடோகானில் நடக்கும் அந்தப் போட்டியை ஜப்பானியர் உலகப் பட்டத்துக்குச் சமமாக மதிப்பார்கள். யமாஷிடா அதை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 1979-இல் பாரிஸிலும், 1981-இல் மாஸ்ட்ரிக்டில் இரண்டு பிரிவுகளிலும், 1983-இல் மாஸ்கோவிலுமாக நான்கு உலகப் பட்டங்கள் சேர்ந்தன.

இருந்தும் அந்த 203 வெற்றிக் கணக்கில் ஒரு நெருடல் உண்டு. 1985 அகில ஜப்பான் இறுதியில் எதிரே நின்றவர் ஹிதோஷி சைட்டோ. யமாஷிடா தொடுத்த வீச்சைச் சைட்டோ எதிர்த்து மடக்க, யமாஷிடா சரிந்தார். நடுவர் புள்ளி தரவில்லை. ஆட்டம் தீர்ப்பாளர்களின் முடிவுக்குப் போய், யமாஷிடா வென்றதாக அறிவிக்கப்பட்டது. சைட்டோவுக்குப் புள்ளி தந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. யமாஷிடாவின் கடைசி வெற்றி அது. தீர்ப்பாளர்களின் கொடிகள் வேறு பக்கம் உயர்ந்திருந்தால் நாம் வேறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்போம். சாதனை என்று நாம் கொண்டாடுவதில் ஆசிரியரின் கையும், அமைப்பின் பணமும், நடுவரின் கண்ணும் கலந்தே இருக்கின்றன.

2. பறிக்கப்பட்ட ஒலிம்பிக்

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்குமாறு அமெரிக்கா நட்பு நாடுகளை அழைத்தது. ஜப்பான் அரசு அந்தப் பக்கம் சாய்ந்தது. 1980 ஏப்ரலில் விளையாட்டு வீரர்கள் கூடி, எங்களைப் போகவிடுங்கள் என்று முறையிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் யமாஷிடாவும் பேசினார். மல்யுத்த வீரர் யூஜி தகாடா கண்ணீர் விட்டுப் பேசிய காட்சி நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. பலன் இல்லை. மே மாதம் ஜப்பான் ஒலிம்பிக் குழு 'போவதில்லை' என்று முடிவெடுத்தது. அந்நாளில் அந்தக் குழு தனித்து இயங்கவில்லை; அரசின் நிதியை நம்பிய அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்துக்குள் ஓர் உறுப்பாக இருந்தது.

அதே மாதம் நடந்த எடைப் பிரிவுப் போட்டியில் சுமியோ எண்டோ யமாஷிடாமீது 'கானி பசாமி' என்ற வீச்சைத் தொடுத்தார். தாவி எதிராளியின் கால்களைத் தம் இரு கால்களுக்கிடையே கத்தரிபோல் பிடித்துச் சாய்க்கும் முறை அது. யமாஷிடாவின் கால் எலும்பு முறிந்தது. ஆட்டம் சமன் என்று பதிவானது. தொடர் வெற்றிக் கணக்கும் அறுபடாமல் நின்றது. அந்த வீச்சு ஆபத்தானது என்று பின்னாளில் போட்டிகளில் தடை செய்யப்பட்டது.

22 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு பாடம். உடம்பு எவ்வளவு தேறியிருந்தாலும் ஒரு கூட்ட அறையில் எடுக்கும் முடிவு அதைச் செல்லாக்காசாக்கிவிடும். வீரரின் பாதுகாப்பு அவருடைய திறமையில் மட்டும் இல்லை. எந்த வீச்சை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று விதி எழுதுபவரின் பேனாவிலும் இருக்கிறது. யமாஷிடா பின்னாளில் கூட்ட அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார் என்பதை இந்த 1980-ஐ வைத்தே நான் புரிந்துகொள்கிறேன்.

3. எதிரே நின்றவர்

1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒருவழியாக வாய்ப்பு வந்தது. எடை வரம்பில்லாத திறந்த பிரிவு. இரண்டாவது ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியின் ஆர்தர் ஷ்னாபெலோடு மோதும்போது வலது கெண்டைக்கால் தசை கிழிந்தது. ஜூடோவில் வீச்சுக்கு ஒரு கால் ஊன்ற வேண்டும், ஒரு கால் வார வேண்டும். ஒன்று போனால் பாதி ஆட்டம் போயிற்று. அரையிறுதியில் பிரான்சின் லோரன் டெல் கொலம்போ தொடக்கத்திலேயே அவரைச் சாய்த்துச் சிறு புள்ளி எடுத்துவிட்டார். யமாஷிடா ஓசோடோ காரியால் வீழ்த்தி, தரைப்பிடியில் அழுத்தி மீண்டார்.

இறுதியில் எகிப்தின் முகமது ரஷ்வான். யமாஷிடா நொண்டுவதை உலகமே பார்த்திருந்தது. ரஷ்வான் வீச்சு தொடுக்க, யமாஷிடா அதை விலக்கிச் சாய்த்து, பக்கவாட்டில் படுத்து அழுத்திவிட்டார். 30 வினாடி கழிந்தது, தங்கம் கிடைத்தது. பரிசு மேடையில் ஏறத் தடுமாறியவருக்கு ரஷ்வானே கை கொடுத்து ஏற்றினார். காயப்பட்ட காலை ரஷ்வான் தொடவே இல்லை என்ற கதை பிறகு ஊரெங்கும் பரவியது. ஆட்டப் பதிவைக் கவனமாகப் பார்ப்பவர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. என் பார்வையில் ரஷ்வானின் பெருமைக்கு அந்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை. புண்ணைத் தேடித் தாக்கும் ஆட்டத்தை அவர் ஆடவில்லை. இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கவும் இல்லை. சமமானவரோடு ஆடுவதுபோல் ஆடித் தோற்றார். நேர்மையான ஆட்டத்துக்கான சர்வதேச விருது அவருக்குக் கிடைத்தது. 2019-இல் ஜப்பான் அரசும் அவரைக் கௌரவித்தது. இருவரின் நட்பு இறுதி ஆட்டத்தோடு முடியாமல் பல்லாண்டு நீடித்தது.

ஒலிம்பிக் தங்கத்தில் பாதி எதிரே நின்றவருக்குச் சொந்தம். இதை நேரில் அனுபவித்தவருக்கு, எதிராளியை நசுக்குவதே ஆட்டம் என்று சொல்லித்தர மனம் வராது. 1984-இலேயே ஜப்பான் அரசு யமாஷிடாவுக்குத் தேசிய மதிப்பு விருது வழங்கியது. மறு ஆண்டு ஜூனில் அவர் ஓய்வு பெற்றார்.

4. தோற்கக் கற்ற ஆண்டுகள்

களத்தில் அரிதாகவே தோற்றவர் களத்துக்கு வெளியே பலமுறை தோற்றார். 1992 முதல் 2000 வரை அவர் ஜப்பான் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். சிட்னி ஒலிம்பிக்கின் 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதியில் ஷினிச்சி ஷினோஹாராவும் பிரான்சின் தாவித் தூயேயும் மோதினார்கள். தூயே தொடுத்த வீச்சை ஷினோஹாரா லாவகமாக விலக்கித் திருப்பிவிட, இருவரும் விழுந்தார்கள். ஒரு துணை நடுவர் ஷினோஹாராவுக்கு இப்பான் காட்டினார். மற்ற இருவர் புள்ளியைத் தூயேக்குத் தந்தார்கள். யமாஷிடா எதிர்ப்புத் தெரிவித்தார். நடுவர்கள் களத்தை விட்டு இறங்கிய பின் முடிவை மாற்ற விதியில் இடமில்லை. தாம் பலவீனமாக இருந்ததால்தான் தோற்றதாக ஷினோஹாரா சொல்லிவிட்டார். சர்ச்சை அத்தோடு ஓயவில்லை. இன்று ஜூடோவில் ஐயம் எழும்போது காணொளிப் பதிவைப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள் என்றால், சிட்னி போன்ற வழக்குகள்தான் அதற்கான நியாயத்தை உண்டாக்கின.

2003-இல் சர்வதேசக் கூட்டமைப்பின் கல்விப் பொறுப்பு அவரிடம் வந்தது. 2007-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த தேர்தலில் அல்ஜீரியாவின் முகமது மெரிஜாவிடம் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். ஜூடோவைப் பெற்ற நாடு என்ற பெருமை வாக்குப் பெட்டியில் செல்லுபடியாகவில்லை. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் திறந்த பிரிவில், ஜப்பானியர் கண்முன்னே அகியோ கமினாகாவை அழுத்தி வென்ற டச்சு வீரர் ஆன்டன் கேசிங்க், பின்னாளில் சர்வதேச ஒலிம்பிக் குழு உறுப்பினரானார். ஒருவர் வெள்ளை, மற்றவர் நீலச் சட்டை அணியலாம் என்று அவர் யோசனை சொன்னபோது ஜப்பான் மரபைக் காட்டி எதிர்த்தது. உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு கலை உலகுக்குப் போய்விட்டால், பிறந்த வீட்டுக்கு அதன்மேல் உரிமை குறைந்துவிடும்.

இந்தத் தோல்விகளை யமாஷிடா எப்படிச் செலவிட்டார் என்பதுதான் முக்கியம். 2006-இல் ஜூடோ கல்விக்கென ஒரு தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். பயன்படுத்திய ஜூடோ சட்டைகளைத் திரட்டி வளரும் நாடுகளுக்கு அனுப்பும் பணியை அது செய்தது. சீனாவின் சிங்தாவில் 2007-இலும் நான்ஜிங்கில் 2010-இலும் நட்புறவு ஜூடோ கூடங்கள் திறக்கக் காரணமாக இருந்தது. நான்ஜிங் ஜப்பானியப் படையின் படுகொலையைக் கண்ட ஊர் என்பதை இந்த அவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

5. வெற்றி வெறிக்கு எல்லை

இப்போது என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். 2013 ஜனவரியில் ஜப்பான் ஜூடோ அதிர்ந்தது. தேசிய அளவில் ஆடும் 15 பெண்கள், தங்கள் பயிற்சியாளர் அறைந்தும் மூங்கில் வாளால் அடித்தும் வதைப்பதாக ஒலிம்பிக் குழுவிடம் முறையிட்டிருந்த செய்தி வெளியானது. பயிற்சியாளர் விலகினார். பள்ளிகளின் நிலை அதைவிடக் கவலை தருவதாக இருந்தது. 1983-க்குப் பிறகான சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருந்ததை ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெளிக்கொணர்ந்திருந்தார்கள். தலையில் அடிபட்டு இறந்த பிள்ளைகளே அதில் மிகுதி.

வன்முறையை ஒழிக்க அகில ஜப்பான் ஜூடோ சங்கம் அமைத்த பணிக்குழுவுக்கு யமாஷிடா தலைமை ஏற்றார். 2017-இல் அந்தச் சங்கத்துக்கே தலைவரானார். 2022 மார்ச்சில் அந்தச் சங்கம் ஒரு முடிவை அறிவித்தது: தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டி இனி இல்லை. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 2004 முதல் ஆடிவந்த போட்டி அது. எடைப் பிரிவுக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள். பயிற்சியாளரும் பெற்றோரும் நடுவரைப் பார்த்துக் கூச்சலிடுகிறார்கள். வென்றால் போதும் என்ற வெறி பிஞ்சிலேயே ஏறுகிறது என்பவை சங்கம் சொன்ன காரணங்கள்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. பிள்ளைகளின் கனவைப் பறிக்கிறார்கள் என்றார்கள். பதக்கம் குறையும் என்று அஞ்சினார்கள். ஆனால் யார் தலைமையில் இந்த முடிவு வந்தது என்று பாருங்கள். வாழ்நாளில் 528 வெற்றி, 16 தோல்வி என்று கணக்கு வைத்திருப்பவர். வெற்றி காணாத ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரி என்று ஒதுக்கியிருப்பார்கள். யமாஷிடாவின் வாயை அப்படி அடைக்க முடியவில்லை. 203 வெற்றிகளின் உண்மையான பயன் அன்றுதான் வெளிப்பட்டது என்பேன்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. 2019 ஜூனில் ஜப்பான் ஒலிம்பிக் குழுத் தலைவரானார். 1980-இல் அவரைத் தடுத்த குழு 1989-இலேயே தனி அமைப்பாகியிருந்தது. இப்போது அதன் நாற்காலியில் அவரே அமர்ந்தார். அமர்ந்த சில வாரங்களில் இயக்குநர் கூட்டங்களைச் செய்தியாளர்களுக்கு மூடினார். வெளிப்படையாக விவாதிக்க முடிவதில்லை என்பது அவர் தரப்பு. கதவு மூடிய அறையில் எடுத்த முடிவால் ஒருமுறை பாதிக்கப்பட்டவர் இதைச் செய்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. மறுபக்கம், 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ஜூடோ வழியாகத் தமக்கு நெடுநாள் அறிமுகமான ரஷ்ய அதிபர் புதின் என்றும் பாராமல், அச்செயல் ஜூடோவின் நோக்கத்துக்கு எதிரானது என்று சங்கத் தலைவராக வெளிப்படையாகச் சொன்னார். 2023 அக்டோபரில் சப்போரோ நகர மேயரோடு சேர்ந்து, 2030 குளிர்கால ஒலிம்பிக்குக்கான முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தார். மக்கள் ஆதரவு இல்லாத போட்டியைத் திணிக்க வழியில்லை. அதே மாத இறுதியில் ஹாகோனே வெந்நீர் ஊற்றில் கீழே விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் பலத்த காயமடைந்தார். பொது வாழ்வு அத்தோடு ஏறக்குறைய நின்றது.

அவையோரே, இந்த வாழ்க்கையை நம் மண்ணில் வைத்துப் பார்க்க ஒரு நேரான தொடர்பு இருக்கிறது. யமாஷிடா தங்கம் வென்ற அதே லாஸ் ஏஞ்சலஸில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தவர் நம் பி.டி. உஷா. 2022 டிசம்பரில் அவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானார். ஒருவர் வென்றவர், ஒருவர் மயிரிழையில் தவறவிட்டவர். இருவரும் தம் நாட்டின் நிர்வாக நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள். 2025-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும், சங்கங்களின் செயற்குழுவில் சிறந்த வீரர்களுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகிறவர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி.

எனவே இங்கே வந்திருக்கும் முன்னாள் வீரர்களுக்கு என் வேண்டுகோள் இது. பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஒதுங்காதீர்கள். மாவட்டச் சங்கத்துக்குப் போங்கள், வாக்குக் கேளுங்கள், தோற்றாலும் மறுபடி நில்லுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒன்று. பத்து வயதுப் பிள்ளை எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டை மறுப்பவரை, தோற்றுவிட்டு வந்த பிள்ளையைக் கன்னத்தில் அறைபவரை, அவர் எத்தனை கோப்பை வாங்கித் தந்தவராக இருந்தாலும், உங்கள் மைதானத்துக்குள் விடாதீர்கள். அதைச் செய்ய எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.